இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் எடை ஏறி இறங்குவதை எப்படிப் புரிந்துகொள்வது?

இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவர்களை முதல் சில மாதங்களில் மிகவும் அலைக்கழிப்பது காலையில் தராசு காட்டும் எண். முதல்நாளைவிட ஒரு கிலோ குறைந்திருந்தால் வீடே மகிழ்கிறது. மறுநாள் அதே ஒரு கிலோ திரும்பி வந்துவிட்டாலோ, இவ்வளவு பெரிய சிகிச்சை செய்தும் பயனில்லாமல் போயிற்றோ என்ற கலக்கம் அன்றைய பொழுது முழுவதையும் கெடுத்துவிடுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இந்தச் சிகிச்சையை முடித்துக்கொண்டவர்களும், அதற்காக ஈப்போவில் நாள் குறித்துக் காத்திருப்பவர்களும் என்னிடம் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். நானும் ஸ்லீவ் சிகிச்சை, அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றி ஒடுங்கிய குழாய்போல ஆக்கும் அறுவை, செய்துகொண்டவள். இப்போது தோட்டத்துப் பெண்கள் சிலருக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போய் வருகிறவள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லி வந்ததை, புதிதாக இந்த வழியில் காலெடுத்து வைப்பவர்கள் கையில் வைத்துப் படிக்கும்படி இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். உங்கள் மருத்துவரும் உணவியல் நிபுணரும் உங்களுக்கென்று தனியாகச் சொன்னது இதிலிருந்து வேறுபட்டால், அவர்கள் சொன்னதையே பின்பற்ற வேண்டும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: தராசு கொழுப்பை மட்டும் நிறுப்பதில்லை

ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. வெட்டிக் கொண்டுவந்த பாலை நிறுத்ததோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. அதில் மாதிரி எடுத்து, உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்த்த பிறகே உண்மையான அளவு தெரியவரும்; ஏனென்றால் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பின் எடையும் அப்படித்தான். நம் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதோடு குடலில் இருக்கும் உணவு, வெளியேறாத மலம், சிறுநீர், தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் சர்க்கரைச் சத்து ஆகிய எல்லாமே தராசில் ஏறுகின்றன. இவை ஒரே நாளுக்குள் கூடிக் குறையக்கூடியவை என்பதால், அறுவை சிகிச்சை செய்யாதவர்களுக்கும் ஒரு நாளில் ஒன்று முதல் இரண்டு கிலோ வரை வேறுபாடு இருப்பது இயல்பு.

கொழுப்பு அப்படி ஓரிரவில் கூடுவதில்லை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர வேண்டுமானால், அன்றாடத் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உண்டிருக்க வேண்டும். ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி இருக்கிறதென்று வைத்துக்கொண்டால், வழக்கமான உணவுக்கு மேலாக இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ரொட்டி சானாய் சாப்பிட்டால்தான் அந்த ஒரு கிலோ வரும். சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆனவரால் ஒரு முழு ரொட்டியையே சாப்பிட முடியாது. ஆகவே, முந்தின நாள் மருத்துவர் சொன்னபடி சாப்பிட்டிருந்தும் காலையில் ஒரு கிலோ கூடியிருந்தால், அது தண்ணீராகவோ மலமாகவோதான் இருக்கும். கலக்கம் வரும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

எடை பார்க்கும் முறையை ஒழுங்குபடுத்துங்கள்

வீட்டுக்கு ஒரே தராசு போதும். அதை மாற்றாமல் வைத்திருப்பதுதான் முக்கியம். கிளினிக்கில் இருக்கும் தராசு, மருந்துக்கடையில் இருக்கும் தராசு, அண்ணன் வீட்டுத் தராசு ஆகிய மூன்றும் மூன்று எண்களைக் காட்டக்கூடும். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவதால் குழப்பமே மிஞ்சும். தராசைச் சிமெண்டு அல்லது ஓடு பதித்த சமமான தரையில் வையுங்கள். பழைய பலகை வீடுகளில் தரை இலேசாக அமுங்குவதாலும், பாய் அல்லது தரைவிரிப்பின்மேல் வைப்பதாலும் எண் மாறிவிடும். மின்கலத்தில் இயங்கும் தராசானால், மின்கலம் வலுவிழந்தபோதும் தவறாகக் காட்டக்கூடும்.

காலையில் எழுந்து, கழிவறைக்குப் போய்வந்து, எதுவும் குடிக்காமலும் பசியாறாமலும் இருக்கும் வேளையில், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான இலேசான உடையில் நின்று பாருங்கள். வேளை தவறினால் எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். செம்பனைக் குலை அறுக்கும் வேலைக்குத் திரும்பிய ஓர் அண்ணன், நண்பகலில் வீட்டுக்கு வந்ததும் வியர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறிப் பார்ப்பார். காலை எடையைவிட ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கும். அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மறுநாள் விடியற்காலையில் பார்த்தால், ஏதோ ஓரிரவில் ஊதிவிட்டது போலத் தோன்றும். வெயிலில் அவர் இழந்தது வியர்வை. மாலையில் அவர் குடித்துத் திரும்பப் பெற்றதும் அதே தண்ணீர். விடியற்காலை எடையை மட்டும் எழுதத் தொடங்கிய பிறகுதான் அவருடைய குறிப்பேடு சீராக இறங்கிவரும் கோட்டைக் காட்டிற்று.

தினமும் பார்ப்பதா, வாரம் ஒருமுறை பார்ப்பதா என்பது உங்கள் மனநிலையைப் பொறுத்தது. எண் ஏறினால் அன்றைக்கெல்லாம் சாப்பிடாமல் கிடப்பவர்களும், அழுகிறவர்களும், மனம் வெறுத்து இனிப்பைத் தேடுகிறவர்களும் வாரத்தில் ஒரே நாளை வைத்துக்கொள்வது நல்லது. அமைதியாக எழுதி வைக்கக்கூடியவர்கள் தினமும் பார்க்கலாம். ஆனால் தினமும் பார்ப்பவர்கள் வாரச் சராசரியைக் கட்டாயம் கணக்கிட வேண்டும். ஒரே நாளில் பல முறை தராசில் ஏறுவதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாரச் சராசரியை எழுதுங்கள்

பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகம் ஒன்று இதற்குப் போதும். ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நாளும் எடையும், வலப்பக்கம் அன்றைக்கு நடந்த வேறு செய்திகளும் எழுதிக்கொள்ளுங்கள். வலப்பக்கத்தில் எழுத வேண்டியவை: மாதவிலக்கு நாள், மலம் கழிந்ததா இல்லையா, உப்பான உணவு, புதிய மருந்து, கடுமையான உடலுழைப்பு, தூக்கமில்லாத இரவு.

எப்படி வாசிப்பது என்பதற்கு ஒரு மாதிரி. திங்கள் முதல் ஞாயிறுவரை ஒருவருடைய எடை முறையே 104.6, 104.1, 105.2, 104.9, 104.0, 103.8, 104.1 என்று இருப்பதாகக் கொள்வோம். ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தால் சராசரி 104.4 கிலோ. அடுத்த வாரம் 103.9, 103.5, 104.3, 103.6, 103.2, 103.4, 102.9 என்று இருந்தால் சராசரி 103.5. இரண்டு வாரத்துக்கிடையில் இறங்கியது 0.9 கிலோ, அது நல்ல இறக்கம். ஆனால் இரண்டாம் வாரப் புதன்கிழமை எடையான 104.3, முதல் வாரச் சனிக்கிழமையின் 103.8-ஐவிட அரைக் கிலோ அதிகம் என்பதைப் பாருங்கள். அந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், நான்கு நாள் பட்டினி கிடந்தும் எடை ஏறிவிட்டதே என்று வருந்துவார். வலப்பக்கத்தில் இரண்டு வாரச் செவ்வாய்க்கிழமைகளுக்கும் நேராக ‘இரவு பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மீன் சூப்’ என்று எழுதியிருந்தால், இரண்டு புதன்கிழமைகளும் ஏன் உயர்ந்தன என்பது கண்ணுக்கு எதிரே தெரிந்துவிடும். சூப்பின் உப்பு பிடித்துவைத்த தண்ணீர் வியாழன், வெள்ளிக்குள் வெளியேறிவிட்டது.

எடையோடு இடுப்பளவையும் மாதம் ஒருமுறை தையல் நாடாவால் அளந்து எழுதுங்கள். எடை நின்றுபோன வாரங்களிலும் இடுப்பு சுருங்குவதைப் பலர் காண்கிறார்கள். ஆசிய மக்களுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் குறைவான இடுப்பளவே நலம் என்று கொள்ளப்படுகிறது. அந்த எல்லையை உடனே தொட வேண்டியதில்லை. அதை நோக்கி நகர்கிறோமா என்று பார்த்தால் போதும்.

மருத்துவமனையிலிருந்து வந்த முதல் வாரமும் மூன்றாம் வாரமும்

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தராசில் ஏறியவர்களில் சிலர், போனபோது இருந்ததைவிட இரண்டு மூன்று கிலோ கூடியிருப்பதைக் கண்டு திகைக்கிறார்கள். மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றிய நீரும், அறுவைக் காயத்தைச் சுற்றி ஏற்படும் இயல்பான வீக்கமும் இதற்குக் காரணம். சில நாட்களில் சிறுநீராக வெளியேறிவிடும். முதல் வாரம் தராசையே தொடாமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம். அந்த வாரத்தில் கவனம் முழுவதும் சிறுசிறு மடக்காகத் தண்ணீர் குடிப்பதிலும், மெல்ல எழுந்து நடப்பதிலும், காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பதிலும் இருக்க வேண்டும்.

அதன் பிறகு எடை மளமளவென்று இறங்கும். இந்த வேகத்துக்குக் காரணம் கொழுப்புக் கரைவது மட்டும் இல்லை. உடம்பு கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராமுடனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது. உணவு திடீரென்று குறைந்ததும் உடம்பு முதலில் இந்தச் சேமிப்பைச் செலவழிப்பதால், அதோடு ஒட்டிய நீரும் வெளியேறி, இரண்டு கிலோ வரை விரைவில் குறைகிறது. சிகிச்சைக்கு முன் கல்லீரலைச் சுருக்குவதற்காகத் திரவ உணவாகிய நீராகாரம் உட்கொள்ளும் நாட்களிலும் நடப்பது இதுவே.

சுமார் மூன்றாம் வாரத்தில், நீராகாரத்திலிருந்து மசித்த உணவுக்கு மாறும் காலத்தில், எடை அசையாமல் நின்றுவிடுவதைப் பெரும்பாலானோர் சந்திக்கிறார்கள். செலவான சேமிப்பில் ஒரு பகுதியை உடம்பு மீண்டும் நிரப்பிக்கொள்ளும்போது, அதற்குரிய நீரையும் சேர்த்துக்கொள்கிறது. ஒருபக்கம் கொழுப்பு கரைந்துகொண்டே இருக்க, மறுபக்கம் நீர் சேர்வதால் தராசு ஒரே எண்ணில் நிற்கிறது. ஒரு வாரம் நிற்கலாம், மூன்று வாரமும் நிற்கலாம். இந்தக் காலத்தில் செய்ய வேண்டியது, சொன்ன உணவைச் சொன்ன அளவில் தொடர்வது. செய்யக்கூடாதது, மசித்த உணவை விட்டுவிட்டு மறுபடியும் நீராகாரத்துக்குப் போவது. புரதம் குறைந்தால் உடம்பு தசையைக் கரைக்கத் தொடங்கிவிடும்.

புரதத்தின் அளவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சிகிச்சைக் குழுக்கள் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் உட்கொள்ளச் சொல்கின்றன. ஒரு கோழிமுட்டையில் சுமார் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் சுமார் 20 கிராம் கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நம் நாட்டில் எளிதாகக் கிடைக்கும் தெம்பே பெரிய வரம். 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பு நல்லதுதான், ஆனால் சிறுத்துப்போன இரைப்பையில் பருப்பை மட்டுமே நம்பி அந்த அளவை எட்டுவது கடினம். திட உணவு தொடங்கிய பிறகு, தட்டில் முதலில் புரதம், பிறகு காய்கறி, இடமிருந்தால் கடைசியில் சோறு என்ற வரிசையை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எடை திடீரென்று கூடினால் காரணத்தைத் தேடும் வழி

குறிப்பேட்டின் வலப்பக்கம் இப்போது பயன்படும். முதலில் உப்பைப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. அது ஒரு தேக்கரண்டி அளவு. ஒரு பாக்கெட் மேகியை அதன் தூள் முழுவதையும் போட்டுச் சமைத்தால், அந்த ஒரு நாள் அளவில் பாதியோ அதற்கு மேலோ அந்த ஒரு வேளையிலேயே போய்விடும். கருவாடு, நெத்திலிச் சம்பல், கிச்சாப் (சோயா சாஸ்), ஊறுகாய், அப்பளம், உப்பு முட்டை ஆகியவையும் இந்த வரிசையில் வருகின்றன. சாப்பிட்ட அளவு இரண்டு கரண்டியாகவே இருந்தாலும், உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாரியம்மன் கோயில் திருவிழா அன்னதானத்துக்கு மறுநாள் பலருக்கு எடை கூடுவது இதனால்தான். தண்ணீர் போதுமான அளவு குடித்து, வழக்கமான உணவுக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாட்களில் இறங்கிவிடும்.

பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் உடம்பில் நீர் தங்குவதால் ஒன்று முதல் இரண்டு கிலோ வரை கூடலாம். இவர்கள் இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, சென்ற மாதத்தின் அதே கட்டத்தோடு ஒப்பிடுவதே சரியானது. இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எடை குறையக் குறைய, முன்பு ஒழுங்கில்லாமல் இருந்த மாதவிலக்கு சீராகிக் கருத்தரிக்கும் வாய்ப்பு அதிகரிக்கிறது. சிகிச்சைக்குப் பின் குறைந்தது 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி, சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைக்கும் அறுவை) செய்தவர்களுக்கு வாய்வழிக் கருத்தடை மாத்திரை முழுமையாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால், வேறு முறையைப் பற்றி மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போய் எடையும் கூடினால், முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மலச்சிக்கல் மிகச் சாதாரணமான காரணம், ஆனால் வெளியே சொல்ல வெட்கப்பட்டு எத்தனையோ பேர் அவதிப்படுகிறார்கள். உணவு குறைந்துவிட்டது, நார்ச்சத்து குறைந்துவிட்டது, தண்ணீர் போதவில்லை, இரும்புச் சத்து மாத்திரை வேறு மலத்தை இறுக்குகிறது. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மலம் கழிவது தொடக்கக் காலத்தில் இயல்பாக இருக்கலாம். ஏனென்றால் உள்ளே போவதே குறைவு. அதற்கு மேல் போனாலோ, வயிறு உப்பி வலித்தாலோ கிளினிக்கில் கேட்டு மலமிளக்கி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் கொடுக்கும் பேதி மருந்தை இந்தக் காலத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம். உடம்பிலுள்ள நீரையும் உப்புச் சத்தையும் அது தாறுமாறாக இழக்கச் செய்யும். இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

நடைப்பயிற்சியோ பளு தூக்கும் பயிற்சியோ புதிதாகத் தொடங்கிய வாரத்திலும் எடை நிற்கும் அல்லது சற்றே ஏறும். பழக்கமில்லாத உழைப்பால் தசைகளில் உண்டாகும் சிறு வலியும் வீக்கமும் ஆறுவதற்கு உடம்பு அங்கே நீரைத் தேக்குகிறது. பயிற்சியைத் தொடருங்கள்.

மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டப்புறத்தில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். நீரிழிவுக்கான சில மருந்துகளும், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்ற மாத்திரைகளும் கால் வீக்கத்தை உண்டாக்கக்கூடியவை. சிகிச்சைக்கு முன் நீர் இறங்குவதற்கான மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களுக்கு, அதை மருத்துவர் நிறுத்தியதும் சில நாட்களுக்கு எடை கூடலாம். மாற்றத்தை எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மாத்திரையையும் உங்கள் முடிவில் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். போன்ஸ்தான், வோல்டாரன் வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தங்கவைப்பதோடு, பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பு இடத்தில் புண்ணையும் உண்டாக்கக்கூடும். ஸ்லீவ் செய்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக்கூடாது. இவற்றைவிட ஆபத்தானவை, மூட்டுவலிக்கென்று இரவுச் சந்தையிலும் வீடு தேடியும் விற்கப்படும் பதிவில்லாத மாத்திரைகளும் பொடிகளும். இத்தகைய பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. வலி மாயமாய் மறையும். முகம் உருண்டு வீங்கும், எடை ஏறும், சர்க்கரை கூடும். நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. பொட்டலத்தில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டு வந்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எண் குறையட்டும் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள்

ஏறியது தண்ணீர்தான் என்று தெரிந்ததும், குடிப்பதைக் குறைத்தால் எடை இறங்கும் என்று சிலர் முடிவுக்கு வருகிறார்கள். எண் இறங்கவும் செய்யும். அதற்கு விலையாக மலச்சிக்கல், தலைச்சுற்றல், சிறுநீரகப் பாதிப்பு வரை வரும். போதிய நீர் இல்லாத உடம்பு இருக்கும் நீரை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நாளொன்றுக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் என்பது பொதுவான அளவு. நம் வெயிலில் வெளியே வேலை செய்பவர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படும். ஒரே மூச்சில் குடிக்க முடியாதென்பதால், ஒரு போத்தலைக் கையிலேயே வைத்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடியுங்கள். உணவோடு சேர்த்துக் குடிக்காமல், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதுமான நீர் போகிறது என்று பொருள்.

தண்ணீருக்குப் பதிலாகச் சீராப், டின் பால் ஊற்றிய தே தாரே, மைலோ, ஹண்ட்ரட் பிளஸ் ஆகியவற்றைக் குடிப்பது வேறு விஷயம். இனிப்புப் பானம் சிறிய இரைப்பையில் தங்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடுவதால் வயிறு நிறைந்த உணர்வே வராது. கலோரி மட்டும் சேரும். பைபாஸ் செய்தவர்களுக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வரவும் கூடும்.

எந்த மாற்றத்துக்குக் காத்திருக்கக் கூடாது

இதுவரை சொன்னவை எல்லாம் பொறுத்திருந்து பார்க்கக்கூடியவை. பின்வருவனவற்றுக்கு அடுத்த சந்திப்பு நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடி, இரண்டு காலும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு இருக்கலாம்; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக்கட்டி உண்டாகியிருக்கலாம். முதல் வாரங்களில் காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதும் வேகமாக அடிக்கும் நாடி, கடும் வயிற்றுவலி, இடது தோள்பட்டை வலி, மூச்சுத் திணறல் ஆகியவை தையலில் கசிவு ஏற்பட்டதற்கான அறிகுறிகளாக இருக்கக்கூடும், 999-ஐ அழையுங்கள்.

எடை மிக வேகமாக இறங்குவதும் எச்சரிக்கைதான், அதைப் பலர் நல்ல செய்தியாக எண்ணி வாழ்த்துவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகப் போய், தண்ணீர்கூடத் தங்காமல், கிலோக்கணக்கில் குறைகிறவருக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்துபோகும். நடை தள்ளாடினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, பேச்சில் குழப்பம் கண்டாலோ அது மூளையைப் பாதிக்கும் அவசரநிலை. ஊசி மூலம் உடனே தயமின் செலுத்தினால் காப்பாற்றலாம். தாமதித்தால் பாதிப்பு நிலைத்துவிடும். அவசரப் பிரிவில் இருப்பவர்களிடம் ‘இரைப்பைக் குறைப்பு அறுவை செய்தவர், இத்தனை நாளாக வாந்தி’ என்று முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கல்யாண வீட்டிலும் கோயிலிலும், “என்னக்கா, ஆபரேஷன் செஞ்சும் இன்னும் எறங்கலையா?” என்று கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்து பட்டினி கிடந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கணவரும் பிள்ளைகளும் எடையைக் கேட்பதற்குப் பதிலாக, இன்றைக்கு வைட்டமின் போட்டாயிற்றா, தண்ணீர் குடித்தாயா, மாலை நடைக்கு வரட்டுமா என்று கேட்டால் அதுவே பேருதவி. வைட்டமின், பி12, இரும்பு, கால்சியம் ஆகியவை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை என்பதை வீட்டில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். தைப்பூசத்துக்கு விரதம் இருக்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி, புரதமும் நீரும் குறையாதபடி விரதத்தை அமைத்துக்கொள்ளலாம்.

ஓராண்டுக்குப் பிறகு

முதல் ஆறு மாதத்தில் இருந்த வேகம் பிறகு இருக்காது. உடம்பு சிறுக்கச் சிறுக்க அதற்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைவதால், இறக்கம் மெதுவாகி, ஒன்று முதல் இரண்டு ஆண்டுக்குள் நின்றுவிடும். ஸ்லீவ் செய்தவர்கள் முதல் ஆண்டு முடிவில் தொடக்க எடையில் சுமார் 25 முதல் 30 விழுக்காடு குறைந்திருப்பது வழக்கம். 120 கிலோவில் தொடங்கியவர் 84 முதல் 90 கிலோவுக்குள் வந்திருப்பார். உங்கள் அக்காவோ நண்பரோ அதைவிட அதிகம் இறங்கியிருக்கலாம். வயது, தொடக்க எடை, நீரிழிவு, சிகிச்சையின் வகை ஆகியவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும்.

அதன் பிறகு கொஞ்சம் எடை திரும்புவதும் எதிர்பார்க்கத்தக்கதே. சுவீடனில் 1987-இல் தொடங்கி நீண்ட காலம் தொடர்ந்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2007-இல் வெளியாயின. அதில் இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் சராசரியாக 32 விழுக்காடு எடை குறைந்து, பத்தாம் ஆண்டில் 25 விழுக்காட்டுக் குறைவில் நின்றார்கள். அதாவது, கொஞ்சம் ஏறிய பிறகும் தொடக்க எடையில் கால்பங்கு பத்து ஆண்டுக்குப் பிறகும் அவர்களிடம் திரும்பி வரவில்லை. அந்த ஆய்வில் அறுவை செய்துகொண்ட எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது, அறுவை செய்யாத ஒப்பீட்டுக் குழுவைவிட அவர்களிடையே இறப்பும் குறைவாக இருந்தது.

ஆகவே, இரண்டாம் ஆண்டில் இரண்டு மூன்று கிலோ ஏறி அங்கேயே நிற்பவர் அஞ்ச வேண்டாம். வாரச் சராசரி ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருந்தால் அப்போது செயல்பட வேண்டும். உணவை மூன்று நாளைக்கு ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பெரும்பாலும் தட்டில் இருப்பதைவிட, இடையிடையே கொறித்த முறுக்கும் பிஸ்கட்டும் இனிப்புப் பானமும் மதுவும்தான் அந்தத் தாளில் இடம் பிடித்திருக்கும். பைபாஸ் செய்தவர்களுக்கு மது மிக விரைவாக இரத்தத்தில் ஏறும் என்பதையும், பழக்கம் அடிமைத்தனமாக மாறும் ஆபத்து அதிகம் என்பதையும் மறக்கக்கூடாது. எழுதிய தாளையும், எடைக் குறிப்பேட்டையும், சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு சிகிச்சைக் குழுவிடம் போங்கள். இரைப்பை விரிந்துவிட்டதா, தைராய்டில் மாற்றமா, மனச்சோர்வா, மருந்தா என்று அவர்கள் பார்ப்பார்கள். உணவு ஆலோசனையிலிருந்து எடை குறைப்பு மருந்து, மறு அறுவை வரை அவர்களிடம் வழிகள் இருக்கின்றன. எடை ஏறிவிட்டதே, எப்படி முகத்தைக் காட்டுவது என்று சந்திப்பு நாளைத் தவறவிடுகிறவர்கள்தான் இந்த உதவி கிடைக்காமல் போகிறவர்கள். அந்த நாளில் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வண்டியில்லாவிட்டால் துணைக்கு ஓர் ஆளைக் கேட்டு, கட்டாயம் போய்வாருங்கள்.